ஐம்பது ரூபாய்க்கு ஓர் ஊர் நிறையப் பொய்யர்கள்

போன மாதம் வேலூர் பழைய பேருந்து நிலையம் பக்கம் ஒரு நடைபாதைக் கடையில் இந்தப் புதிர்ப் புத்தகத்தை வாங்கினேன். விலை 60 என்று போட்டிருந்தது, 50-க்குக் கொடுத்தார். புத்தகத்தின் பெயரைச் சொல்லவில்லை, கொஞ்சம் திட்டப் போகிறேன்.

உள்ளே இருப்பதெல்லாம் ஒரே ரகம். ஓர் ஊர், அதில் சிலர் எப்போதும் உண்மையே பேசுவார்கள், மற்றவர்கள் எப்போதும் பொய்யே பேசுவார்கள், முகத்தைப் பார்த்து ஒன்றும் தெரியாது, பேச்சை வைத்துத்தான் ஆளைப் பிரிக்கணும். அமெரிக்கத் தர்க்க அறிஞர் ரேமண்ட் சுமல்யன் 1978-இல் வந்த தன் புத்தகத்தில் உண்மை பேசுபவர்களுக்கு ‘நைட்’ (knight, பழைய ஐரோப்பியக் குதிரைவீரன்), பொய் பேசுபவர்களுக்கு ‘நேவ்’ (knave, போக்கிரி) என்று பெயர் வைத்துப் பிரபலமாக்கினார். இந்தப் புத்தகத்தை எழுதிய நம் ஆள் சுமல்யனை எங்கும் சொல்லவில்லை, ஆனால் அந்த நைட்டை மட்டும் ‘குதிரைவீரன்’ ஆக்கிவிட்டார். எட்டாவது படிக்கும் என் மகள் மூன்று பக்கம் புரட்டிவிட்டு, “இன்னாப்பா, குதிரையே வரல?” என்றாள். சரி என்று பென்சிலால் எல்லாவற்றையும் மெய்யன், பொய்யன் என்று மாற்றிக்கொண்டோம்.

ஆரம்பப் புதிர்கள் நன்றாகவே இருக்கின்றன. அண்ணனும் தம்பியும் நிற்கிறார்கள், “நாங்க ரெண்டு பேருமே பொய்யர்” என்கிறான் அண்ணன். மெய்யன் வாயில் அந்தப் பேச்சு வராது, அதனால் அண்ணன் பொய்யன். அவன் சொன்னது பொய் என்றால் இரண்டு பேருமே பொய்யராக இருக்க முடியாது, ஆக தம்பி மெய்யன். தம்பி வாயே திறக்கவில்லை, ஆனாலும் அவன் யாரென்று தெரிந்துவிட்டது. இதை என் மகள் வீட்டுக்கு வந்த எல்லோரிடமும் போட்டுப் பார்த்துவிட்டாள்.

ஆனால் வழிமுறை என்று ஒரு வரி கிடையாது. மூன்று பேர் வந்தால் மொத்தம் 8 வாய்ப்புகள், கட்டம் போட்டு ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வரலாம், இல்லையென்றால் ஒருவனை மெய்யன் என்று வைத்துக்கொண்டு எங்கே முட்டுகிறது என்று பார்க்கலாம். இதைச் சொல்லிக்கொடுக்க அரைப் பக்கம் போதும். இங்கே பக்கத்தின் அடியில் தலைகீழாக ‘இரண்டாமவன் பொய்யன்’ என்று அச்சடித்ததோடு சரி. கத்திரிக்காய் வைக்காமல் ஆம்பூர் பிரியாணி போட்ட மாதிரி இருக்கிறது. அதிலும் அந்தத் தலைகீழ் எழுத்து கண்ணில் படாமல் புதிரைப் படிக்கவே முடியாது, கையால் மூடிக்கொண்டுதான் படித்தோம்.

அப்புறம் அந்த 27-ஆவது புதிர். “அவன் மெய்யன்” என்கிறான் ஒருவன், அவனும் இவனைக் காட்டி அதையே சொல்கிறான். விடை: இருவரும் மெய்யர். அது எப்படி? இரண்டு பேரும் பொய்யர் என்று வைத்துப் பாருங்கள், அதுவும் எங்கேயும் இடிக்கவில்லை. ‘அவன் மெய்யன்’ என்று ஒருவன் சொன்னால் இரண்டு பேரும் ஒரே வகை என்பது மட்டும்தான் தெரியும், எந்த வகை என்று தெரியாது. பத்து நிமிடம் மகளோடு மண்டையை உடைத்துக்கொண்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் அம்மா, அவருக்குத் திருவண்ணாமலைதான் சொந்த ஊர், “தாழம்பூ சாட்சி சொன்ன கதைதானே இது?” என்றார். அவ்வளவேதான்! முடியைப் பார்த்தேன் என்கிறார் பிரம்மா, அவர் சொல்வது உண்மை என்கிறது தாழம்பூ. அங்கே முடி சிவனுடையது, அவருக்குத் தெரிந்துவிட்டது. இந்தப் புத்தகத்தில் முடிக்குச் சொந்தக்காரர் யாரும் இல்லையே.

இவ்வளவு திட்டியும் புத்தகத்தைத் தூக்கிப் போடாததற்குக் காரணம் கடைசிப் புதிர். வழி இரண்டாகப் பிரிகிறது, நிற்பவன் மெய்யனா பொய்யனா தெரியாது, ஒரே கேள்விதான் கேட்கலாம். “இது ஊருக்குப் போற வழியான்னு கேட்டா ஆமான்னு சொல்வியா?” என்று கேட்கணும். பொய்யன் தன் பதிலைப் பற்றியும் பொய் சொல்லியாக வேண்டும், இரண்டு பொய்யும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சரியான வழி வெளியே வந்துவிடும். ‘ஆமாம்’ என்றால் அந்த வழியே போகலாம். இதை மட்டும் படம் போட்டு அழகாக விளக்கியிருக்கிறார், மற்றதற்கும் இப்படிச் செய்ய என்ன கேடு? விரிஞ்சிபுரத்து வழித்துணைநாதரைக் கும்பிட்டுவிட்டு வரும்போது பேருந்திலேயே இதை அம்மாவுக்கும் புரியவைத்துவிட்டாள் மகள்.

தாள் மட்டம், தைப்பு பரவாயில்லை. ஏழாவதுக்கு மேல் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்து, கூட உட்கார ஓர் ஆளும் இருந்தால் 50 ரூபாய்க்கு வாங்கலாம்.

போன சனிக்கிழமை அந்தக் கடைக்காரரிடம், “அண்ணே, 27-க்கு விடை தப்பா இருக்கு” என்றேன். “அதெல்லாம் கரெக்டாத்தான் சார் இருக்கும், புக் போட்டவரே சொன்னாரு” என்றார். இரண்டாம் பாகம் வந்திருக்கிறதாம். 40-க்குக் கேட்டேன், கொடுத்துவிட்டார்.