ரைசன் 5 5600 சிஸ்டம்: மூன்று வருடம் ஓட்டிய பிறகு

ஏஎம்டியின் ரைசன் 5 5600 சிபியு, பி550 சிப்செட் மைக்ரோ ஏடிஎக்ஸ் மதர்போர்டு, 8 ஜிபி வீதம் இரண்டு டிடிஆர்4 3200 ரேம், ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்டு, 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, 550 வாட் 80 பிளஸ் 'புரோன்ஸ்' தர எஸ்எம்பிஎஸ் (எல்லாப் பாகத்துக்கும் மின்சாரம் தரும் பெட்டி). மூன்று வருடம், தினமும் எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடிய சிஸ்டம் இது. எந்தப் பொருத்தக் கோளாறு முதல் நாளே தெரியும், எது இரண்டாம் வருடம்தான் தலைகாட்டும் என்பது இப்போது தெளிவாகச் சொல்ல முடிகிறது. கேமில் எத்தனை எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம்) வருகிறது என்று எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். இது பொருத்தம் பற்றி மட்டும்.

சாக்கெட் (போர்டில் சிபியு உட்காரும் இடம்) பெயர் ஒன்றாக இருந்தால் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் முதல் சறுக்கல். பி450, பி550 இரண்டுமே ஏஎம்4 சாக்கெட்தான். 5600 இரண்டிலும் உட்காரும். ஆனால் போர்டில் உள்ள, சிஸ்டத்தைத் தொடங்கிவைக்கும் மென்பொருளான பயாஸுக்கு அந்தச் சிபியுவைத் தெரிந்திருக்க வேண்டும். பி550 வந்தது 2020 ஜூனில்; 5600 வந்தது 2022 ஏப்ரலில். கடையில் நெடுநாள் கிடந்த பெட்டி என்றால் பி550 போர்டிலேயே பழைய பயாஸ் இருக்கலாம். பி450 என்றால் அந்த வாய்ப்பு இன்னும் அதிகம். அப்போது ஃபேன் சுற்றும், லைட் எரியும், திரையில் ஒன்றும் வராது. நல்ல சிபியுவைச் செத்துவிட்டது என்று திருப்பிக் கொண்டுபோவது இந்த இடத்தில்தான்.

ஆகவே பணம் கட்டும்முன் போர்டு தயாரிப்பாளரின் தளத்தில் அந்த மாடலுக்கான சிபியு பட்டியலைத் திறந்து, 5600-க்கு எதிரே எந்த பயாஸ் பதிப்பு போட்டிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கடையிலேயே அப்டேட் செய்து தரச் சொல்லலாம். பயாஸ் ஃபிளாஷ்பேக் பட்டன் உள்ள போர்டு கிடைத்தால் கொஞ்சம் கூடுதல் பணம் கொடுத்தாவது அதை வாங்குங்கள். சிபியு இல்லாமலே அப்டேட் முடிந்துவிடும். பென்டிரைவை எஃப்ஏடி32 ஆக ஃபார்மட் செய்து, கோப்பின் பெயரைக் கையேட்டில் சொன்னபடி மாற்றி, பின்பக்கம் அதற்கென்றே குறித்திருக்கும் யுஎஸ்பி போர்ட்டில் சொருகி, பட்டனை அழுத்த வேண்டும். லைட் மினுக்கி ஓயும்வரை கரண்ட் போகக் கூடாது. யுபிஎஸ் இல்லாமல் இதில் கை வைக்க வேண்டாம்.

இன்னொன்று: 5600-இல் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. கார்டு பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று இதை எடுத்தால், அதுவரை மானிட்டரில் எதுவும் தெரியாது. போர்டின் எச்டிஎம்ஐ துளை இருந்தும் பயனில்லை. அப்படித் தள்ளிப்போடுகிறவர்களுக்கு 5600ஜி சரி. ஆனால் அதன் எல்3 கேஷ் (சிபியுவுக்குள் இருக்கும் வேக நினைவகம்) 32-க்குப் பதில் 16 எம்பி, கார்டும் எஸ்எஸ்டியும் பேசும் பாதையான பிசிஐஇயும் 3.0 வரைதான்.

ரேமில் ஒரே 16 ஜிபி குச்சியைவிட 8 ஜிபி இரண்டு நல்லது, டூயல் சேனல் (ஒரே நேரத்தில் இரண்டு பாதையில் தரவு போவது) கிடைக்கும். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் சிபியுவிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போடுங்கள். சில போர்டுகளில் கிளிப் ஒரு பக்கம்தான் இருக்கும்; கிளிப் இல்லாத முனையை முதலில் அழுத்தி உட்காரவைத்து, மறுமுனை 'டக்' என்று பூட்டும்வரை அழுத்த வேண்டும். பிறகு பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது டிஓசிபி என்று இருப்பதை ஆன் செய்யாவிட்டால் 3200 ரேம் 2133 அல்லது 2400 வேகத்தில்தான் ஓடும். வருடக்கணக்கில் இப்படியே ஓட்டுகிறவர்கள் உண்டு. டாஸ்க் மேனேஜரில் மெமரிப் பக்கத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இரண்டாம் வருடத்தில் 16 ஜிபி போதாமல் போனபோது, அதே மாடலில் இன்னும் இரண்டு போட்டதும் 3200-இல் நிலையாக நிற்கவில்லை. நீலத் திரை வந்தது, 2933-க்கு இறக்கியதும் நின்றது. ஒரே மாடல் பெயரில் வரும் ரேமிலும் உள்ளே இருக்கும் சிப் மாறலாம்; நான்கு குச்சியைத் தாங்குவது சிபியுவின் மெமரி கன்ட்ரோலருக்கும் கூடுதல் சுமை. பின்னால் 32 தேவைப்படும் என்று தோன்றினாலே தொடக்கத்திலேயே 16 ஜிபி இரண்டு கொண்ட ஒரே கிட்டாக வாங்கிவிடுங்கள்.

எஸ்எம்பிஎஸ் கணக்கு எளிது. 5600 முழு வேகத்தில் சுமார் 76 வாட், ஆர்எக்ஸ் 6600 132 வாட், மற்றதெல்லாம் சேர்ந்து 50 வாட். மொத்தம் 260-ஐ ஒட்டி. அப்படியானால் 450 வாட் போதுமே என்று கேட்கலாம். நல்ல 450 போதும்தான். பெட்டியில் 450 என்று அச்சடித்து வருவதெல்லாம் அதைத் தராது என்பதுதான் சிக்கல். பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட்டுக்கு எதிரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 550 வாட் யூனிட்டில் 40-க்குக் குறையக் கூடாது. கேபினட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸில் கிராபிக்ஸ் கார்டு வைக்கவே வைக்காதீர்கள்.

8 பின் வயர்களில் 4+4 சிபியுவுக்கு, 6+2 கார்டுக்கு. மாற்றிச் சொருகினால் உள்ளே போகாது. போகாததை அழுத்தக் கூடாது. வயர்களைத் தனியாகக் கழற்றி மாட்டக்கூடிய மாடுலர் எஸ்எம்பிஎஸ் என்றால் ஒரு யூனிட்டின் வயரை இன்னொன்றில் மாட்டவும் கூடாது. பாகத்தில் மாட்டும் முனை எல்லோருக்கும் பொது, எஸ்எம்பிஎஸ்ஸில் மாட்டும் முனை அப்படியல்ல. பின் வரிசை மாறியிருந்தால் எஸ்எஸ்டியும் ஹார்ட் டிஸ்க்கும் ஒரே நொடியில் எரிந்துபோகும்.

யுபிஎஸ் விஷயத்தில் 600 விஏ என்பது பெரும்பாலும் 360 வாட்தான். மானிட்டரையும் சேர்த்தால் கேம் ஓடும்போது விளிம்புக்கு வந்துவிடுகிறது. விலை குறைந்த யுபிஎஸ்கள் பேட்டரிக்கு மாறும்போது தரும் கரண்ட் சீரான சைன் அலை அல்ல. ஆக்டிவ் பிஎஃப்சி (இழுக்கும் கரண்டைச் சீராக்கும் சுற்று) உள்ள எஸ்எம்பிஎஸ் சில அதை ஏற்காமல் அணைந்துவிடும். 1000 விஏ அளவில் எடுத்து, முழு லோடில் யுபிஎஸ்ஸின் பிளக்கைப் பிடுங்கிச் சோதித்துப் பார்ப்பது நல்லது.

கேபினட்டுக்கு டேப் வைத்து அளந்தால் போதும்: கார்டின் நீளம், முன் ஃபேனின் 25 மில்லிமீட்டர், கூலரின் உயரம். போர்டு துளைக்கு நேராக இல்லாத பித்தளை ஸ்டாண்ட்ஆஃப் (போர்டைத் தாங்கும் சிறு திருகுத் தூண்) ஏதாவது இருந்தால் கழற்றிவிடுங்கள், போர்டின் பின்புறம் பட்டு ஷார்ட் ஆகும். கலர் லைட் ஃபேனில் 5 வோல்ட் 3 பின் ஒரு வகை, 12 வோல்ட் 4 பின் வேறு வகை. முன்னதைப் பின்னதில் மாட்டினால் எல்இடி போய்விடும்.

மூன்றாம் வருடத்தில் ஒரு நாள் கடிகாரம் பின்தங்கி, ரேம் மறுபடி 2400-க்கு இறங்கியிருந்தால் போர்டில் உள்ள சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று பொருள். புதிதாகப் போட்டுவிட்டு எக்ஸ்எம்பியை மறுபடி ஆன் செய்ய வேண்டும். விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கர் போட்டிருப்பவர்கள், பயாஸ் அப்டேட்டுக்கு முன் அதன் ரெகவரி கீயை வேறொரு இடத்தில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அப்டேட்டுக்குப் பிறகு விண்டோஸ் அதைக் கேட்கக்கூடும்.

மிச்சம் கூலர். 5600-உடன் வரும் ரெய்த் ஸ்டெல்த்தை மாட்ட, போர்டில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் தாங்கிகளையும் கழற்ற வேண்டும். கழற்றியதும் பின்னால் உள்ள உலோகத் தகடு கீழே விழும், கையால் பிடித்துக்கொள்ளுங்கள். நான்கு திருகுகளையும் குறுக்காக மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். நம் மே மாத வெயிலில் இது சத்தத்தோடு சமாளிக்கிறது, அவ்வளவுதான். கழற்றும்போதுதான் ஆபத்து. ஏஎம்4-இல் பின்கள் சிபியுவின் அடியில் இருக்கின்றன, 1331 பின்கள். இரண்டு மூன்று வருடத்தில், சிபியுவுக்கும் கூலருக்கும் இடையே பூசிய பேஸ்ட் காய்ந்து பிசின்போல் இறுகிவிடும். நேராகத் தூக்கினால் லீவர் பூட்டியிருக்கும்போதே சிபியுவும் சேர்ந்து பிய்த்துக்கொண்டு வந்துவிடும், ஓரத்துப் பின்கள் வளையும். சிஸ்டத்தைப் பத்து நிமிடம் லோடில் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, பிளக்கை எடுத்துவிட்டு, திருகுகளைக் கழற்றி, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகுங்கள். பேஸ்ட் விட்டுக்கொடுப்பது கைக்குத் தெரியும். அதன் பிறகு தூக்குங்கள்.