இயற்கை வைரமா, ஆய்வுகூட வைரமா? தோடு வாங்கப் போகிறவர்களுக்கு

"வாயால் ஊதிப் பார். ஆவி படிந்து நின்றால் கண்ணாடி" என்று வன்னியில் யாராவது ஒரு பெரியம்மா சொல்லித் தருவார். சரிதான், கண்ணாடியைப் பிடிக்க அது போதும். ஆனால் ஆய்வுகூடத்தில் வளர்த்த கல்லும் வைரம்தான். அதே காபன், அதே கடினம் 10, அதே ஒளிமுறிவு 2.42. ஊதினாலும் தண்ணீரில் போட்டாலும் இரண்டும் ஒரே மாதிரித்தான் நடந்துகொள்ளும்.

கடைக்காரர் பேனா போன்ற ஒரு கருவியின் முனையைக் கல்லில் அழுத்துவார். அது 'பீப்' என்றதும் நமக்கு நிம்மதி. அந்தக் கருவி பார்ப்பது கல் வெப்பத்தை எவ்வளவு வேகமாகக் கடத்துகிறது என்பதை மட்டுமே. அம்மம்மாவின் தோட்டில் இருக்கும் 'மாத்தறை வைரம்', அதாவது நிறமற்ற சேர்க்கன் கல், அதில் தோற்றுவிடும். ஆய்வுகூட வைரம் தோற்காது. வைரம்போல மின்னும் வேறொரு கல்லான மொய்சனைட்கூடச் சில பேனாக்களை ஏமாற்றிவிடும்.

பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ் கொஞ்சம் உதவும். உயர் அழுத்தத்தில் வளர்த்த சில கற்களுக்குள் உலோகத் துணுக்கு கறுப்பாகத் தெரியும். கல்லின் இடுப்பு விளிம்பில் லேசரால் பொறித்த இலக்கமும் இருக்கலாம். கற்களைச் சோதித்துச் சான்றிதழ் தரும் ஐஜிஐ நிறுவனத்தின் சான்றிதழில் அந்த இலக்கம் 'எல்ஜி' என்று தொடங்கினால் ஆய்வுகூடக் கல். ஆனால் இயற்கை வைரத்தின் இலக்கத்தை ஆய்வுகூடக் கல்லில் பொறித்து விற்கப் பார்த்தவர்களும் உண்டு.

உறுதியாகப் பிரிப்பது இயந்திரம்தான். இயற்கை வைரங்களில் பெரும்பாலானவற்றுக்குள் நைதரசன் அணுக்கள் கூட்டமாக இருக்கும். அவை குறுகிய அலைநீளப் புறஊதா ஒளியை விழுங்கிவிடும். ஆய்வுகூடக் கற்களில் பெரும்பாலானவை அந்த ஒளியை ஊடே போக விட்டுவிடும். இயற்கையிலும் நூற்றுக்கு ஒன்றிரண்டு அப்படி விடும் என்பதால், இயந்திரம் சந்தேகப்படும் கல்லை மேலும் சோதிக்க வேண்டும். கொழும்பில் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையின் ஆய்வுகூடம் இருக்கிறது.

கனடாவிலிருந்து சித்தி கொண்டுவரும் ஒற்றைக்கல் மோதிரத்துக்கு இதெல்லாம் சரி. கல் பெரியது, சான்றிதழும் வரும். நம்மவர்கள் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ வாங்குவது ஏழுகல்லுத் தோடும் மூக்குத்தியும். அரிசிக் குறுணை அளவுக் கற்கள். அவற்றுக்குத் தனித்தனிச் சான்றிதழ் வராது, விளிம்பும் தங்கத்துக்குள் மறைந்திருக்கும். கலப்படம் நுழைய வசதியான இடம் இதுதான்.

விலையில் ஆய்வுகூடக் கல் வெகு மலிவு, இன்னும் இறங்குகிறது. வைர நிறுவனமான டி பியர்ஸ் 2018இல் கரட் 800 டொலருக்குத் தொடங்கிய தன் ஆய்வுகூட வைர நகைப் பிரிவான லைட்பொக்ஸை மூடப்போவதாக 2025இல் அறிவித்தது. இயற்கைக் கல்லுக்கு மறுவிற்பனை மதிப்பு கூடத்தான். ஆனால் அடகுக்குப் போனால் கல்லின் நிறையைக் கழித்துவிட்டுத் தங்கத்துக்குத்தான் பணம். அந்த மேசையில் இரண்டு வைரமும் சமம். அதனால் அழகுக்குப் போடுவதென்றால் நான் ஆய்வுகூடக் கல்லையே எடுப்பேன், மிச்சக் காசைப் பவுணில் போடுவேன்.

இயற்கைதான் வேண்டும் என்றால், பற்றுச்சீட்டில் "இயற்கை வைரம்" என்ற சொல்லையும் கரட் நிறையையும் எழுதித் தரச் சொல்லுங்கள். கடைக்காரர் வெறும் "வைரம்" என்று எழுதிவிட்டுப் பேச்சை மாற்றினால், ஆய்வுகூடக் கல்லின் விலையைக் கேட்டுப் பேரம் பேசுங்கள்.