பழைய பிஎம்டபிள்யூ எம்5 (ஈ60): வாங்கும் விலை ஒன்று, வைத்துக்கொள்ளும் செலவு வேறு

2005 முதல் 2010 வரை விற்ற ஈ60 தலைமுறை எம்5, பிஎம்டபிள்யூ செய்த ஒரே வி10 செடான். உள்ளே இருப்பது எஸ்85 என்ற 5 லிட்டர் எஞ்சின். 7,750 ஆர்பிஎம்மில் 507 குதிரைத்திறன், சிவப்புக் கோடு 8,250-இல். ‘ஆண்டின் சிறந்த சர்வதேச எஞ்சின்’ விருதை 2005-லும் 2006-லும் இதுவே வாங்கியது. பத்து சிலிண்டருக்கும் தனித்தனி த்ராட்டில் (காற்று வழியைத் திறந்து மூடும் வால்வ்) இருப்பதால், ஆக்ஸிலரேட்டரைத் தொட்ட உடனே எஞ்சின் பதில் சொல்கிறது. 5,000 ஆர்பிஎம் வரை அமைதியான பெரிய கார், அதற்கு மேல் முழுக்க வேறு வண்டி. இன்றைய டர்போ எஞ்சின்கள் எதிலும் இந்தச் சுகம் கிடைக்காது.

புதிதாக இருந்தபோது மிக விலை உயர்ந்திருந்த இந்தக் கார் இன்று சாதாரணப் புதுக் கார் விலைக்கே கைமாறுகிறது. ஆனால் உதிரி பாகங்களின் விலை இறங்கவில்லை. பல பாகங்கள் இந்த எஞ்சினுக்கென்றே செய்தவை, வேறு காரிலிருந்து கழற்றிப் போட முடியாது. அதனால் வாங்கும் விலையில் மூன்றில் ஒரு பங்கையாவது முதல் ஆண்டுச் செலவுக்கென்று தனியாக எடுத்து வையுங்கள். அது முடியாதென்றால் இந்தக் காரைப் பார்க்கவே போக வேண்டாம்.

முதல் கவலை ராட் பேரிங், அதாவது பிஸ்டனை கிராங்க் ஷாஃப்ட்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் கீழ் முனையில் இருக்கும் பேரிங். வி10-இல் ஐந்து கிராங்க் பின்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு கனெக்டிங் ராடுகள், ஒரு ராடுக்கு இரண்டு அரைவட்ட ஷெல், ஆக மொத்தம் இருபது ஷெல். ஷெல்லுக்கும் கிராங்க் பின்னுக்கும் நடுவே ஆயில் நிற்கும் இடைவெளியை பிஎம்டபிள்யூ மிகக் குறுகலாக வைத்தது, அதில் ஓட வேண்டியதோ 10டபிள்யூ-60 என்ற கெட்டியான ஆயில். எஞ்சின் சூடாகும் முன் ஆர்பிஎம்மை ஏற்றினால் அந்த இடுக்கில் ஆயில் படலம் போதுமான அளவு நிற்பதில்லை. உலோகம் உலோகத்தை உரசி, ஷெல்லின் மேல் பூச்சு தேய்ந்து, கீழிருக்கும் செம்பு நிறம் தெரியத் தொடங்கும். தேய்மானம் வெளியே எந்த அறிகுறியும் காட்டாது. ஆர்பிஎம்மோடு சேர்ந்து ஏறி இறங்கும் ‘டக் டக்’ சத்தம் கேட்கிறதென்றால் பெரும்பாலும் கிராங்க் ஷாஃப்ட்டில் கோடு விழுந்திருக்கும். அதற்குப் பிறகு பேரிங் மாற்றுவது பற்றிய பேச்சே இல்லை, முழு எஞ்சின் வேலைதான்.

அதனால் ராட் பேரிங்கைக் கெட்டுப் போகும் பாகமாகப் பார்க்காமல், பிரேக் பேட் போல இத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றும் பாகமாகவே கணக்கில் சேர்க்க வேண்டும். ஒரு லட்சம் கிலோமீட்டரை நெருங்கும் காரில் மாற்றியதற்கு பில் இல்லையென்றால், அந்த வேலையின் முழுச் செலவையும் விலையிலிருந்து கழித்துத்தான் பேரம் பேச வேண்டும்.

வேலை நடக்கும் விதம் தெரிந்தால் பில் ஏன் அவ்வளவு வருகிறது என்பதும் புரியும். எஞ்சினை இறக்கத் தேவையில்லை. மேலிருந்து ஒரு கிராஸ் பாரில் எஞ்சினைத் தொங்கவிட்டு, ஸ்டீயரிங் இணைப்பைக் கழற்றி, எஞ்சினுக்கு அடியில் இருக்கும் முன் சப்ஃப்ரேம் என்ற சட்டத்தை இறக்கினால்தான் எஞ்சினின் அடியில் ஆயில் நிற்கும் தட்டான ஆயில் பேன் வெளியே வரும். நல்ல மெக்கானிக்குக்கு இரண்டு முழு நாள் வேலை. ஷெல்களின் விலையை விடக் கூலி அதிகம். ராட் போல்ட் முறுக்கும்போதே நீண்டுவிடும் வகை என்பதால் பழையதைத் திரும்பப் போடக் கூடாது, இருபதும் புதிதாக வேண்டும். கடைசி முறுக்கை, திருப்பும் கோணத்தை அளக்கும் ஆங்கிள் கேஜ் வைத்தே கொடுக்க வேண்டும், டார்க் ரெஞ்ச் மட்டும் போதாது. ஒவ்வொரு பின்னையும் துடைத்து நகத்தை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். நகம் மாட்டினால் அங்கேயே வேலையை நிறுத்த வேண்டும். கழற்றிய ஷெல்களை எந்த சிலிண்டருடையது என்று எண் எழுதி உங்களிடம் கொடுக்கச் சொல்லுங்கள். அடுத்து இந்தக் காரை வாங்குபவருக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

ஆயில் பேன் திறந்திருக்கும்போதே எஞ்சின் மவுண்ட்களை மாற்றிவிடுங்கள். வேனோஸ் எனப்படும் வால்வ் நேரத்தை மாற்றும் அமைப்பின் உயர் அழுத்தக் குழாயையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். எஸ்85-இன் வேனோஸ் தனி பம்ப் வைத்து உயர் அழுத்தத்தில் வேலை செய்கிறது. குழாயின் சீல் கசிந்தால் அழுத்தம் இறங்கும், குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது கரகர சத்தம் வரும், பிறகு காரின் கணினியில் வேனோஸ் அழுத்தக் கோளாறு என்ற குறியீடு பதிவாகி எஞ்சின் சக்தியைக் குறைத்துக்கொள்ளும். ஆயில் ஓட்டத்தைத் திறந்து மூடும் மின்வால்வுகளான சோலினாய்டுகள் அழுக்கடைந்தாலும் இதே அறிகுறிதான். ஆகவே குறியீட்டைப் பார்த்த உடனே பம்பை மாற்றச் சொல்பவரிடம், சோலினாய்டைக் கழற்றிப் பார்த்தாயிற்றா என்று முதலில் கேளுங்கள்.

அடுத்தது த்ராட்டில்களைத் திறந்து மூடும் மின்மோட்டாரான த்ராட்டில் ஆக்சுவேட்டர். வி வடிவத்தின் நடுவே பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு இருக்கின்றன. உள்ளே பிளாஸ்டிக் பல் சக்கரம், ஒரு சிறிய மின்பலகை. எஞ்சின் சூட்டிலேயே ஆண்டுக்கணக்கில் கிடப்பதால் இரண்டில் ஒன்று போகும். ஓடிக்கொண்டிருக்கும்போதே சக்தி குறைந்து, திரையில் எச்சரிக்கை வரும். எஞ்சினை நிறுத்திக் கிளப்பினால் கொஞ்ச நேரம் சரியாக இருந்து, திரும்பவும் வரும். இரண்டு ஆக்சுவேட்டரையும் இடம் மாற்றிப் போட்டுப் பார்ப்பதுதான் சரியான சோதனை. கோளாறுக் குறியீடும் பக்கம் மாறினால் ஆக்சுவேட்டர் கெட்டிருக்கிறது. குறியீடு அதே பக்கத்தில் நின்றால் த்ராட்டில் பொசிஷன் சென்சரையும் வயரையும் பாருங்கள். சென்சர் மலிவு, ஆக்சுவேட்டர் அப்படியில்லை. மாற்றும்போது இரண்டையும் சேர்த்தே மாற்றுவது லாபம், ஏனென்றால் மேலிருக்கும் இன்டேக்கைக் கழற்றும் கூலி ஒன்றுதான். உலோகப் பல் சக்கரம் போட்டுப் பழுது பார்த்துத் தருபவர்களும் இருக்கிறார்கள். உத்தரவாதத்தோடு தந்தால் அது புதியதை விட நல்ல தேர்வு.

கியர்பாக்ஸ் விஷயத்தில் தெளிவாகவே சொல்லலாம்: கிளட்ச் பெடல் இல்லாத எஸ்எம்ஜி கியர்பாக்ஸ் இந்தக் காரின் பலவீனமான பகுதி. ஏழு கியர், ஒற்றை கிளட்ச், கிளட்ச்சை அமுக்குவதும் கியர் மாற்றுவதும் ஹைட்ராலிக் பம்ப். வேகமாக ஓட்டும்போது சுறுசுறுப்பு, நெரிசலில் குலுக்கல். பிரேக்கை விட்டு ஊர்ந்து போகும் ஒவ்வொரு முறையும் கிளட்ச் தேய்கிறது, மேட்டில் ஆக்ஸிலரேட்டராலேயே காரைத் தாங்கி நிறுத்துபவர் கையில் அது சீக்கிரமே முடியும். சிவப்புப் பல் சக்கர விளக்கு எரிந்து கியர் விழாமல் நின்றால், பம்ப் ரிலேவில் தொடங்குங்கள். பிறகு ஹைட்ராலிக் ஆயில் அளவு, கிளட்ச் பொசிஷன் சென்சர். பம்பும் ஹைட்ராலிக் யூனிட்டும் கடைசியில். டிரைவர் கதவைத் திறந்ததும் பம்ப் சில விநாடி ஓடி நிற்பது சரியான நிலை. நின்ற காரில் அடிக்கடி ஓடினால் அழுத்தத்தைச் சேமிக்கும் அக்குமுலேட்டர் பலம் இழந்திருக்கிறது.

கிளட்ச் மாற்றும்போது ஃபிளைவீல், ரிலீஸ் பேரிங் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். பிறகு கணினி வழியாகப் புதிய கிளட்ச்சின் பிடிப்புப் புள்ளியை எஸ்எம்ஜிக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் வெளியே வரும் கார்கள்தான் ‘புது கிளட்ச் போட்டும் குலுங்குகிறது’ என்ற பெயரை வாங்குகின்றன. வட அமெரிக்காவில் ஆறு கியர் மேனுவலும் விற்றார்கள். கிடைக்கும் இடத்தில் அதை வாங்குபவர் ஒரு பெரிய செலவிலிருந்து தப்பிக்கிறார்.

மற்றவை வழக்கமான செலவு, ஆனால் அளவு பெரிது. ஒரு ஆயில் மாற்றத்துக்கு ஒன்பது லிட்டருக்கு மேல் வேண்டும். காரே காட்டும் நீண்ட இடைவெளியை நம்பாமல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, ஓட்டம் குறைவென்றால் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஆயில் குடிப்பது இந்த எஞ்சினின் இயல்பு, டிக்கியில் எப்போதும் ஒரு லிட்டர் இருக்கட்டும். ஸ்பார்க் பிளக், காயில் எல்லாம் பத்து பத்து. பிரேக் டிஸ்க் முன்னால் 374 மி.மீ., பின்னால் 370 மி.மீ. டயர் முன்னால் 255/40, பின்னால் 285/35, இரண்டும் 19 அங்குலம். அளவு வேறு என்பதால் முன்னும் பின்னும் மாற்றிப் போட முடியாது, பின் டயர் சீக்கிரம் தீரும். நகருக்குள் 100 கிலோமீட்டருக்கு 20 லிட்டர் பெட்ரோல் சாதாரணம், டேங்க் 70 லிட்டர்தான். மின்னணு டேம்பர்கள் (ஷாக் அப்சார்பர்கள்) கசிய ஆரம்பித்தால் ஒவ்வொன்றும் தனிச் செலவு. முன் சக்கரத்தைத் தாங்கும் கன்ட்ரோல் ஆர்மின் ரப்பர் புஷ் போனால் பிரேக் பிடிக்கும்போது ஸ்டீயரிங் நடுங்கும். டிஸ்க்கை மாற்றும் முன் அதைப் பாருங்கள்.

பார்க்கப் போகும்போது எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்பலாம். குளிர்ந்த எஞ்சினில், ஆர்பிஎம் காட்டும் டேக்கோமீட்டரின் எச்சரிக்கை விளக்குகள் கீழிருந்தே எரிந்து, ஆயில் சூடாகச் சூடாக மேலே நகர வேண்டும். விற்பவர் அந்த எல்லைக்குள் ஓட்டுகிறாரா, இரண்டாவது நிமிடமே 6,000-க்கு ஏற்றிக் காட்டுகிறாரா என்று கவனியுங்கள். பேரிங்குகளை அவர் எப்படி நடத்தியிருப்பார் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

எஞ்சின் மட்டுமல்லாமல் எல்லா கன்ட்ரோல் யூனிட்டுகளையும் ஸ்கேன் செய்து, கிளட்ச் தேய்மான அளவைப் படிக்கச் சொல்லுங்கள். கோளாறுக் குறியீடுகளை அன்றுதான் அழித்திருந்தால், ஒரு நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு மறுபடி ஸ்கேன். முடிந்தால் ஆயில் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். ஆரம்பகால ஷெல்களில் ஈயமும் செம்பும் இருக்கும், பிற்கால ஷெல்களில் அலுமினியமும் வெள்ளீயமும். ஈயம் குறைவு என்ற ஒரே வரியை வைத்து 2010 காரை நல்லதென்று சொல்ல முடியாது. நேற்று மாற்றிய ஆயிலின் அறிக்கைக்கும் மதிப்பில்லை, குறைந்தது சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய ஆயில் வேண்டும்.

ஓடிய தூரம் குறைவு என்பதற்காக மட்டும் அதிக விலை கொடுக்காதீர்கள். ஆண்டுக்கு நான்கு முறை கிளப்பி, சூடாகும் முன் நிறுத்திய 40,000 கிலோமீட்டர் காரை விட, பேரிங், ஆக்சுவேட்டர், கிளட்ச் மூன்றுக்கும் பில் வைத்திருக்கும் 1,40,000 கிலோமீட்டர் கார் நல்ல சரக்கு. விலையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் இரண்டாவதை வாங்கிவிட்டு, மிச்சப் பணத்தில் டயரும் டேம்பரும் போடுங்கள்.