மேலே பார்க்காத கண்ணுக்கு எந்த ஒப்பரேசன்?

தலையை அசைக்காமல் பாலை மரத்துக் கொப்பைப் பார் என்றால், சில பிள்ளைகளுக்கு ஒரு கண் மேலே போகும், மற்றது நடுவிலேயே நின்றுவிடும். பிறவியிலேயே வரக்கூடிய இந்தக் குறைக்கு முக்கியமாக இரண்டு ஒப்பரேசன்கள் இருக்கின்றன.

முதலாவது, கண்ணைக் கீழே இழுக்கும் தசையை வெட்டி, சில மில்லிமீற்றர் பின்னுக்குத் தைப்பது. ஒரே தசையோடு வேலை முடியும். கீழ் இமை கொஞ்சம் இறங்கக்கூடும்.

மற்றது, 1969இல் கண் டொக்டர் பிலிப் நாப் விவரித்த முறை. கண்ணின் இரு பக்கத் தசைகளையும் கழற்றி, மேல் தசை ஒட்டும் இடத்துக்குக் கொண்டுபோய்த் தைப்பார்கள். நேராகப் பார்க்கும்போது கண் நன்றாக உயரும். ஆனால் பலன் வருடக்கணக்கில் கூடிக்கொண்டே போய், சிலருக்குக் கண் அளவுக்கு மேல் ஏறிவிடும். முழுதாக மேலே பார்க்கும் திறன் இரண்டிலுமே பெரும்பாலும் வராது.

எது சரி என்பதை ஒரு சோதனைதான் சொல்லும். பிள்ளையை மயக்கியபின், டொக்டர் சிறு இடுக்கியால் கண்ணைப் பிடித்து மேலே உருட்டிப் பார்ப்பார். தடுத்து நின்றால் கீழ்த்தசை இறுகியிருக்கிறது, முதலாவது முறைதான். தடையில்லாமல் உருண்டால் நாப் முறை. சின்னப் பிள்ளைகளில் இது பெரும்பாலும் ஒப்பரேசன் மேசையில்தான் உறுதியாகும். ஆகவே கையெழுத்துப் போடும் முன்பே இரண்டைப் பற்றியும் கேட்டுவிடுங்கள். தசை இறுகியிருக்கும்போது அதைத் தளர்த்தாமல் நாப் முறைக்குப் போவதில் எனக்கு உடன்பாடில்லை. இறுகிய தசை கண்ணைக் கீழேயே பிடித்து வைத்திருக்கும்.

இரண்டும் தேவைப்பட்டால், முல்லைத்தீவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ அலையும் குடும்பம் “ஒரே நாளில் இரண்டையும் முடித்துவிடுங்கோ” என்று கேட்பது நியாயம்தான். ஆனால் கண்ணின் முன்பகுதிக்கு இரத்தம் போவது பெரும்பாலும் இந்தத் தசைகள் வழியாகத்தான். ஒரே தடவையில் மூன்றை வெட்டினால், குறிப்பாகப் பெரியவர்களில், அந்த ஓட்டம் குறைந்துபோகும் ஆபத்து உண்டு. சில மாதம் இடைவெளி விடுவது அதற்காகத்தான்.

இமை தொங்கினால் முதலில் அதைத் தூக்கச் சொல்லி அவசரப்படாதீர்கள். கண் நேரானதும் பாதித் தொங்கல் தானே மறைவதுண்டு. அதோடு, தூங்கும்போது கண்மணி மேலே போகாத பிள்ளைக்கு இமையை அதிகம் உயர்த்தினால் கருவிழி காய்ந்துவிடும்.

அப்புறம், பார்வை மங்கியிருந்தால் நல்ல கண்ணை மூடிப் பயிற்சி கொடுப்பதை ஒப்பரேசன் நாளுக்காகத் தள்ளிப்போட வேண்டாம். உருட்டிப் பார்த்த முடிவைக் கிளினிக் கொப்பியில் எழுதித் தரச் சொல்லி வாங்குங்கள். அடுத்த தடவை வேறு டொக்டர் பார்த்தாலும் அது உதவும்.