பழைய டீசல் கார், ஏர்ஃப்ளோ சென்சார் கோளாறு: வயரைப் பார்க்காமல் சென்சாரை மாற்றாதீர்கள்

என்னிடம் இருப்பது பாரத் ஸ்டேஜ் 3 புகைக் கட்டுப்பாட்டு விதி இருந்த காலத்து டீசல் கார். 1.4 லிட்டர், நான்கு சிலிண்டர், டர்போ உண்டு. சமதளத்தில் ஒரு குறையும் இல்லாமல் ஓடிய வண்டி, ஏற்காடு மலைப்பாதையில் மட்டும் இழுவையை இழந்தது. வளைவு திரும்பி ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் இன்ஜின் சத்தம் கூடும், வேகம் கூடாது. சில நேரம் எச்சரிக்கை விளக்கு எரியும், மறுநாள் தானாக அணைந்துவிடும். சரிசெய்த பிறகு மழையும் வெயிலுமாகப் பல பருவங்கள் கடந்துவிட்டன. கோளாறு திரும்பவில்லை என்று உறுதியான பிறகே இதை எழுதுகிறேன்.

காரின் கம்ப்யூட்டரோடு பேசும் ஸ்கேனர் கருவியில் வந்த பிழைக் குறியீடு பி0102. இன்ஜினுக்குள் போகும் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ சென்சாரைப் பற்றியது அது. காட்டிய இடங்களில் எல்லாம் கிடைத்த பதில் ஒன்றுதான்: "சென்சாரை மாற்றினால்தான் சரியாகும் சார்." அதற்கு ஆதாரமாகச் செய்து காட்டிய சோதனையும் ஒன்றுதான். சென்சாரின் கனெக்டரைக் கழற்றிவிட்டு ஓட்டினால் வண்டி சற்று நன்றாக இழுக்கும். கழற்றியதும் இன்ஜின் கம்ப்யூட்டர் தன்னிடம் உள்ள மாற்று மதிப்பை வைத்து டீசலைக் கணக்கிடுகிறது, அதனால்தான் அந்த முன்னேற்றம். வருகிற அளவு தவறு என்பதை மட்டுமே இது காட்டும். தவறு சென்சாரிலா, அதற்குப் போகும் வயரிலா என்பதை இந்தச் சோதனையால் சொல்ல முடியாது. பி0102 என்ற குறியீடுகூட 'ஏர்ஃப்ளோ சென்சார் சர்க்யூட்டில் சிக்னல் குறைவு' என்றுதான் சொல்கிறது. சர்க்யூட் என்றால் சென்சார், கனெக்டர், வயர், ஃப்யூஸ், ரிலே எல்லாம் சேர்ந்ததுதான்.

புகையும் ஒரு நல்ல சாட்சி. டர்போ குழாயில் காற்று கசிந்தால், அளக்கப்பட்ட காற்று இன்ஜினுக்குள் போய்ச் சேராது. டீசல் மிஞ்சிக் கரும்புகை வரும். என் வண்டியில் புகையே இல்லை, இழுவைதான் இல்லை. காற்று குறைவாக வருகிறது என்று நம்பி, புகை வராமலிருக்கக் கம்ப்யூட்டரே டீசலைக் குறைக்கிறது என்பதற்கு அது அடையாளம்.

சென்சார் சொல்வது சரியா என்று சரிபார்க்கப் புத்தகம் வேண்டாம், சின்னக் கணக்கு போதும். 1.4 லிட்டரை நான்கால் வகுத்தால் ஒரு சிலிண்டருக்கு 350 கன சென்டிமீட்டர். 35 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 1.15 கிராம். ஆக ஒரு முறை இழுக்கும் காற்று அதிகபட்சம் 400 மில்லிகிராம், நடைமுறையில் சற்றுக் குறையும். புகையில் ஒரு பகுதியைத் திரும்ப இன்ஜினுக்குள் விடும் இஜிஆர் வால்வை மூடிவைத்து, ஆக்ஸிலரேட்டரை அழுத்தாத ஐடில் ஓட்டத்தில் பார்த்தபோது ஸ்கேனர் 360 காட்டியது, அது சரியே. டர்போ முழுமூச்சில் வேலை செய்யும் ஏற்றத்தில் இது இரண்டு மடங்கை நெருங்க வேண்டும். ஆனால் 450க்கு மேல் ஏறவே இல்லை. நண்பர் ஒருவரின் அதே ரகக் காரிலிருந்து சென்சாரை வாங்கிப் பொருத்திப் பார்த்தேன். அதே 450.

இனி வயர். என் காரின் கனெக்டரில் ஐந்து வயர்கள்: 12 வோல்ட், எர்த், 5 வோல்ட், சிக்னல், காற்றின் வெப்பநிலை. இன்ஜினை ஓடவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவிலும் மறுமுனையைச் சென்சாரின் 12 வோல்ட் முனையிலும் வைத்தேன். வழியில் வயர் இழக்கும் வோல்ட்டேஜை மீட்டர் இப்படிக் காட்டும். கனெக்டரின் பின்பக்கமாக மெல்லிய குண்டூசியைச் செருகினால் போதும். முன்பக்கம் தடித்த முனையைத் திணித்தால் உள்ளிருக்கும் பித்தளைப் பிடி தளர்ந்து புதுக் கோளாறு உண்டாகும். நல்ல வயரில் இந்த இடத்தில் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. எனக்கு ஐடிலிலேயே 3 வோல்ட்டுக்கு மேல் இருந்தது, வேகத்தைக் கூட்டினால் இன்னும் ஏறியது. எர்த் பக்கம் ஒரு பழுதும் இல்லை.

கோளாறு ஏற்றத்தில் மட்டும் தலைகாட்டிய காரணம் இங்கேதான் விளங்கியது. சென்சாருக்குள் சூடாக்கப்பட்ட மெல்லிய படலம் இருக்கிறது. காற்று அதிகமாக வீசினால் அது அதிகம் குளிரும், சூட்டைக் காக்க அதிக மின்னோட்டம் கேட்கும். வயர் நலிந்திருந்தால் மின்னோட்டம் கூடக்கூட வோல்ட்டேஜ் விழும். காற்று மிகுதியாக வரும் நேரத்தில்தான் சென்சார் பட்டினி கிடக்கிறது.

கனெக்டரைக் கழற்றி மீட்டரை வைத்தால் அதே வயர் 12 வோல்ட்டைக் காட்டியது. பலரும் ஏமாறுவது இதில்தான். மீட்டர் இழுக்கும் மின்னோட்டம் மிகச் சொற்பம், ஒற்றை இழை மிஞ்சியிருந்தாலும் அளவு சரியாகவே தெரியும். அதற்குப் பதிலாக 21 வாட் இண்டிகேட்டர் பல்பை அந்த முனைக்கும் எர்த்துக்கும் இடையே மாட்டினேன். பிரகாசமாக எரிய வேண்டிய பல்பில் இழை லேசாகச் சிவந்ததோடு சரி. ஒரு கண்டிப்பான எச்சரிக்கை: இந்தப் பல்ப் சோதனையை 12 வோல்ட் வயரில் மட்டுமே செய்யுங்கள். 5 வோல்ட், சிக்னல் வயர்களில் செய்தால் கம்ப்யூட்டரே பழுதாகலாம்.

வயரைக் கையால் தடவிக்கொண்டே போனதில், பேட்டரித் தட்டுக்குக் கீழே ஓரிடம் மட்டும் உப்பி, கொழகொழவென்று இருந்தது. மேலுறையில் கீறல்கூட இல்லை. பிளந்து பார்த்தால் செம்பு இழைகள் முழுக்கக் களிம்பேறி, விரலால் தேய்த்ததும் பச்சைப் பொடியாக உதிர்ந்தன. நல்ல செம்பு தெரியும்வரை இருபுறமும் வெட்டி, அதே தடிமனில் புது வயர் சேர்த்து, கிரிம்ப் செய்து (உலோகக் குழலுக்குள் வைத்து நசுக்கி இணைத்து), பசை உள்ள சுருங்கும் குழாயால் மூடினேன். ஈயப் பற்று வைக்கவில்லை. அதிரும் இடத்தில் பற்று முடியும் விளிம்பில் வயர் விறைத்து ஒடியும்.

பழைய சென்சாரே இன்றும் வண்டியில் இருக்கிறது. ஏற்றத்தில் 700ஐத் தாண்டுகிறது. அதைப் பெட்ரோலாலோ கார்புரேட்டர் ஸ்ப்ரேயாலோ கழுவ நான் யாரையும் விடுவதில்லை. அந்தப் படலம் அவ்வளவு நுட்பமானது, அதற்கென்றே விற்கும் ஸ்ப்ரே மட்டும்தான் அதன்மேல் படலாம்.

ஸ்கேனர் வாங்க நினைப்பவர்களுக்கு: மலிவான புளூடூத் கருவிகளில் பல, என் கார் போன்ற பழைய வண்டிகள் பயன்படுத்தும் கே-லைன் என்ற ஒற்றை வயர்த் தகவல் இணைப்போடு பேசுவதில்லை. கடையிலேயே உங்கள் காரில் செருகி, ஓடும் இன்ஜினின் அளவுகள் திரையில் வருகின்றனவா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். மல்டிமீட்டருக்கு அந்தக் கவலை இல்லை. இந்த வேலைக்குச் சாதாரண மீட்டரே போதுமானதாக இருந்தது.