நெல் ஆலைக் கணக்கில் ஹைபர்நேட்: எட்டு வருட அனுபவம்

கிளிநொச்சி மாவட்டத்தில் பரந்தனுக்குக் கிட்ட இருக்கும் ஒரு நெல் ஆலைக்கு 2017 இல் கொள்வனவுக் கணக்கு புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். புரோகிராம் ஜாவா மொழியில், தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ், இரண்டையும் நடுவில் நின்று இணைக்கும் மென்பொருள் ஹைபர்நேட். இரணைமடுத் தண்ணீரில் விளையும் காலபோக நெல்லும் சிறுபோக நெல்லும் இன்றைக்கும் அதில்தான் பதிவாகின்றன.

ஹைபர்நேட்டை 2001 இல் கவின் கிங் தொடங்கினார். இலவசம், திறந்த மூலம். ஜாவாவில் 'கமக்காரர்' என்று ஒரு கிளாஸ் (class, ஒரு வகைத் தரவின் வார்ப்பு), அதற்குள் அவர் விற்ற நெல்லின் பட்டியல். தரவுத்தளத்திலோ அவை இரண்டு தனித்தனி அட்டவணைகள். இரண்டையும் பொருத்தும் எஸ்.கியூ.எல்லை, அதாவது தரவுத்தளத்துக்கான கட்டளைகளை, ஹைபர்நேட்டே எழுதிக்கொள்ளும். எனக்கு மாதக்கணக்கான வேலை மிச்சப்பட்டது. ஆனால் அது என்ன எழுதுகிறது என்று பார்க்காமல் விட்டதுதான் நான் செய்த பெரிய பிழை.

நெல் வகைகளை ஒரு enum ஆக, அதாவது வரிசையான பெயர்ப் பட்டியலாக, வைத்திருந்தேன்: நாடு, சம்பா, கீரிச்சம்பா. நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் ஹைபர்நேட் பெயரைச் சேமிக்காது, வரிசை எண்ணைத்தான் சேமிக்கும்: 0, 1, 2. ஒரு காலபோகத்தில் 'வெள்ளை' என்ற வகையையும் கேட்டார்கள். நாட்டுக்குப் பக்கத்தில் இருக்கட்டும் என்று இரண்டாவதாகச் செருகினேன். அடுத்த நாள் ஒரு ஐயா தன் பழைய பற்றுச்சீட்டின் புதுப் பிரதியோடு வந்து நின்றார்: "தம்பி, நான் போட்டது கீரிச்சம்பா. இதில சம்பா எண்டு கிடக்கு." பழைய 2 இப்போது சம்பாவாகிவிட்டது, பழைய 1 வெள்ளையாகிவிட்டது. கீரிச்சம்பாவுக்கு விலை கூட, அந்த மனிதர் பதறாமல் என்ன செய்வார்? நல்ல காலம், பதிவு நேரம் அட்டவணையில் தனிக் கொலமாக (column) இருந்தது. மாற்றத்துக்கு முந்திய பதிவுகளில் முதலில் 2 ஐ 3 ஆக்கி, அப்புறம் 1 ஐ 2 ஆக்கினேன். வரிசையை மாற்றிச் செய்திருந்தால் எல்லாம் ஒன்றாகக் கலந்திருக்கும். அன்றிலிருந்து எல்லா enum க்கும் ஸ்ட்ரிங் என்றே குறிக்கிறேன், எண்ணுக்குப் பதில் பெயரே சேமிக்கப்படும்.

அடுத்தது வேகம். 400 கமக்காரரின் நிலுவைப் பட்டியல், அறுவடை நேரத்தில் திறக்க நெடுநேரம் எடுத்தது. எஸ்.கியூ.எல்லைத் திரையில் காட்டும்படி விட்டுப் பார்த்தேன். பட்டியலுக்காகத் தரவுத்தளத்திடம் ஒரு கேள்வி (query), பிறகு ஆளுக்கு ஒன்றாக இன்னும் 400. இரண்டு அட்டவணைகளையும் சேர்த்தே எடுக்கச் சொல்லும் 'ஜாயின் ஃபெட்ச்' போட்டதும் ஒரே கேள்வியாகிவிட்டது. ஆனால் அதோடு பக்கம் பக்கமாகப் பிரிக்கவும் சொன்னால், முழு அட்டவணையையும் நினைவகத்துக்கு இழுத்துவிட்டுத்தான் பிரிக்கும். லொக்கில் (புரோகிராமின் பதிவேட்டில்) ஒரு எச்சரிக்கை வரி மட்டும் வரும், அதைக் கவனியுங்கள். போக முடிவு அறிக்கைகளை இப்போது நேரடி எஸ்.கியூ.எல்லில்தான் எழுதுகிறேன்.

அட்டவணையைத் தானாகத் திருத்தும் 'அப்டேட்' வசதியை ஆலைக் கணினியில் வைக்காதீர்கள். கொலத்தின் பெயரை மாற்றினால் அது வெறும் புதுக் கொலத்தைச் சேர்க்கும், தரவு பழையதிலேயே கிடக்கும். அட்டவணை மாற்றங்களை நாமே எழுதி வரிசையாக இயக்கும் ஃப்ளைவே என்ற கருவி போதும். 2022 இல் வந்த ஹைபர்நேட் 6 ஆம் பதிப்புக்கு மாற, நிரலில் ஜாவாக்ஸ் (javax) என்று தொடங்கிய நூலகப் பெயர்களை ஜகார்த்தா (jakarta) ஆக்கினேன். ஒரு வார வேலை.

இவ்வளவுக்கும் பிறகும் நான் இதை விடாததற்குக் காரணம் வெர்ஷன் கொலம். தராசடியில் நெல் நிறுக்கும் தம்பி ஈரக்கழிவைத் திருத்துகிற நேரம் பார்த்து, காசாளர் அக்கா அதே பற்றுச்சீட்டில் 20,000 ரூபா முற்பணம் பதிந்தார். தம்பி பிந்திச் சேமித்தார், முற்பணம் காணாமல் போனது. மாற்றாத கொலங்களையும் சேர்த்தே ஹைபர்நேட் எழுதும் என்பது அப்போதுதான் உறைத்தது. ஒவ்வொரு சேமிப்பிலும் ஒன்று கூடும் ஒரேயொரு வெர்ஷன் எண்ணைச் சேர்த்தேன். வாசித்த எண்ணும் இருக்கிற எண்ணும் ஒத்துவராவிட்டால் பிந்தியவரின் சேமிப்பு நிற்கும். "வேறொருவர் மாற்றியிருக்கிறார், திரும்பத் திறவுங்கள்" என்று திரையில் வரும். அக்கா அதைச் சத்தமாக வாசித்துவிட்டுத் தராசடியைப் பார்த்துக் கேட்பார்: "தம்பி, இப்ப என்னத்தை மாத்தினனீர்?"