கடைசி வரிசைக்குக் குளிர் போகவில்லை: ஒரு பழைய ஏழு சீட்டரோடு ஐந்து வருடம்

நேற்று மாலை வண்டி ஒர்க்‌ஷாப்பிலிருந்து வீட்டுக்கு வந்தது. பின்பக்க ஏசிக்காக இது மூன்றாவது முறை. இந்தத் தடவை நான்கு நாள். சாவியை மாட்டிவிட்டு உட்காரும்போதே நண்பன் போன் செய்தான். வீட்டில் ஆறு பேர், கையில் அளவான பணம், என் வண்டி மாதிரியே ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது, வாங்கலாமா என்று கேட்டான். நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அந்த நேரத்தில் வாயைத் திறந்திருந்தால் வண்டிக்கு நியாயம் செய்திருக்க மாட்டேன். ஒரு ராத்திரி தூங்கி எழுந்த பிறகு எழுதுகிறேன். கோபம் முழுதாக ஆறவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பெட்ரோல், மேனுவல் கியர், ஏழு சீட், இரண்டு பக்கமும் ஸ்லைடிங் கதவு. ஆறு வயதான வண்டியாக, 78,000 கிலோமீட்டரில் வாங்கினேன். இப்போது 1,46,000. கம்பெனி பெயரை எழுதவில்லை. பின்னால் தனி ஏசி உள்ள எந்தப் பழைய ஏழு சீட்டரை வாங்கப் போனாலும் நான் சொல்லப்போவதைப் பார்த்தே ஆக வேண்டும்.

முதல் வருடம் ஒரு குறையும் இல்லை. இரண்டாவது வருடம் வெயில் ஏறிய ஒரு நாள், கடைசி வரிசையிலிருந்து மகள், "அப்பா, இங்க சூடாத்தான் காத்து வருது" என்றாள். முன்னால் எங்களுக்குக் கை விறைக்கிற குளிர். ஃபேனைக் கூட்டி வைத்துக்கொள் என்றேன். கூட்டித்தான் வைத்திருந்தாள், பாவம். வீடு வந்து நானே பின்னால் போய் உட்கார்ந்து பார்த்தபோதுதான் புரிந்தது. மேலிருந்து வேகமாகக் காற்று வருகிறது, அதில் குளிர் என்பதே இல்லை.

இந்த வகை வண்டியில் கம்ப்ரசர் ஒன்றுதான், கூலிங் காயில் இரண்டு. முன் காயில் டேஷ்போர்டுக்குள் இருக்கிறது. பின் காயில் என் வண்டியில் பின் சக்கரத்துக்கு மேலே, பக்கச் சுவருக்குள் இருக்கிறது. இன்ஜின் பக்கத்திலிருந்து அதுவரை காஸ் போக ஒரு பைப், திரும்பி வர ஒரு பைப். இரண்டும் அலுமினியம், இரண்டும் வண்டியின் அடிவயிற்றோடு நீளமாக ஓடுகின்றன. சக்கரம் வாரி அடிக்கிற கல்லும் சேறும் தண்ணீரும் அங்கேதான் போய் விழும். முன் ஏசிக்கு இந்தத் தொல்லை இல்லை, அதன் பைப் எல்லாம் பானெட்டுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது.

முதல் முறை போனபோது காஸ் குறைந்திருக்கிறது என்று சொல்லி நிரப்பி அனுப்பினார்கள். குளிர்ந்தது. எட்டு மாதத்தில் பழைய கதை. அதே இடத்துக்கு மறுபடி போனேன். பைப் இணைப்பில் இருக்கும் ரப்பர் வளையம் (ஓ-ரிங்) ஒன்றை மாற்றி, மறுபடி காஸ். அது ஏழு மாதம் தாங்கியது. எனக்கு ஆத்திரம் இங்கேதான். ஏசி காஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. அது மூடிய வட்டத்துக்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. ரப்பர் ஹோஸ் வழியாக வருடக்கணக்கில் துளித்துளியாகக் கசிவது சகஜம், எட்டு மாதத்தில் காலியாவது சகஜமில்லை. எங்கேயோ ஓட்டை இருக்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம். அதைத் தேடாமல் காஸ் மட்டும் போடுவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துக் காசு வாங்குகிற வேலை. இரண்டு முறையும் ஒருவர்கூட வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்கவில்லை.

மூன்றாவது முறை ஆளை மாற்றினேன். புது மெக்கானிக் வண்டியை லிஃப்டில் ஏற்றி, அடியில் இருந்த பிளாஸ்டிக் கவரைக் கழற்றினார். "சார், இங்க பாருங்க" என்று கூப்பிட்டு டார்ச் அடித்தார். பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால் இரண்டு பைப்பும் வளைந்து மேலே ஏறுகிற இடத்தில் ஒரு கிளாம்ப். அதைச் சுற்றி மட்டும் கை அகலத்துக்குக் கறுப்பாகப் பிசுபிசுப்பு, அதன்மேல் மண் அப்பியிருந்தது. மற்ற இடமெல்லாம் உலர்ந்த தூசி. கம்ப்ரசர் ஆயில் காஸோடு சேர்ந்துதான் சுற்றி வருமாம். ஓட்டையில் காஸ் போய்விடும், ஆயில் அங்கேயே தங்கிவிடும், "எண்ணெய்ப் பிசுக்கு எங்கயோ அங்கதான் லீக்கு" என்றார். துணியால் துடைத்துவிட்டு நகத்தால் தடவிக் காட்டினார். கிளாம்ப் உள்ளே இருக்க வேண்டிய ரப்பர் உறை நைந்து போய்விட்டது. இரும்பு அலுமினியத்தை நேரடியாக உரசி உரசி ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது. பள்ளத்தின் நடுவில் குண்டூசி முனை அளவுக்கு ஒரு துளை.

இரண்டு விரல் அகல ரப்பர்! அதற்காக என் மகள் இரண்டு கோடைகள் பின்னால் வியர்த்துக்கொண்டு வந்தாள்.

இரண்டு பைப்பும் புதிது, கிளாம்புகள் புதிது. சிஸ்டம் திறந்து கிடந்ததால் ஈரத்தை உறிஞ்சும் டிரையரையும் மாற்றினார். உள்ளே இருந்த காற்றையெல்லாம் உறிஞ்சி, முக்கால் மணி நேரம் வாக்வம் வைத்து அது இறங்கவில்லை, அதாவது கசிவு இல்லை என்று காட்டினார். பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எத்தனை கிராம் என்று போட்டிருக்கிறதோ அத்தனை கிராம் காஸை எடை வைத்து ஏற்றினார். கூடவே புற ஊதா விளக்கில் பளிச்சென்று தெரிகிற சாயமும் கொஞ்சம். மறுபடி கசிந்தால் தேட வேண்டியதில்லை, விளக்கு அடித்தால் போதும். வேலை என்றால் இது. நேற்று கடைசி வரிசையில் இருபது நிமிடம் உட்கார்ந்து வந்தேன், நடுங்குகிற குளிர்.

சரி, இனி வண்டியின் பக்கம் நின்று பேச வேண்டும். அதற்கும் நிறைய இருக்கிறது.

அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் வலி. இதற்கு முன் வைத்திருந்த உயரமான வண்டியில் ஏற வேண்டும் என்றாலே முகம் சுருங்கிவிடும். ஒரு காலை மேலே வைத்து, கைப்பிடியைத் தொங்கிப் பிடித்து, பின்னால் ஒருவர் தாங்கி, அது ஒரு போராட்டம். இந்த வண்டியின் தரை அம்மாவின் முழங்காலுக்குக் கீழே நிற்கிறது. சீட் சரியாக இடுப்பு உயரம். ஸ்லைடிங் கதவு முழுதாகப் பின்னால் போய்விடுவதால் குறுக்கே எதுவும் இல்லை. முதுகைக் காட்டி நின்று, அப்படியே சீட்டில் உட்கார்ந்து, பிறகு இரண்டு காலையும் உள்ளே திருப்பிக்கொள்வார். யாரும் தொட வேண்டாம். ஐந்து வருடத்தில் ஒருமுறைகூட என்னைக் கை கொடுக்கச் சொன்னதில்லை. வாங்கும்போது இதை நான் நினைத்தே பார்க்கவில்லை. கதவு ஸ்டைலாக இருக்கிறது என்று குழந்தைகள் சொன்னார்கள், அவ்வளவுதான். இன்றைக்கு இந்த வண்டியில் எனக்குப் பிடித்தது ஒன்றைச் சொல் என்றால் யோசிக்காமல் கதவைத்தான் சொல்வேன். பக்கத்து வண்டியை ஒட்டி நிறுத்திவிட்டாலும் முழுதாகத் திறக்கலாம், குழந்தைகள் கதவை வீசித் திறந்து அடுத்தவர் வண்டியில் இடிக்கிற பயமும் இல்லை.

ஆனால் இரண்டு பக்கமும் இருக்கிற வண்டியாகப் பாருங்கள். அமெரிக்கக் கம்பெனியான கிரைஸ்லரின் முதல் மினிவேன்கள் 1984 மாடலாக வந்தபோது ஸ்லைடிங் கதவு ஒரு பக்கம் மட்டும்தான். ஓட்டுநர் பக்கமும் ஒன்று கிடைக்க 1996 மாடல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வந்த பிறகு மக்கள் அதைத்தான் கேட்டு வாங்கினார்கள், ஏன் என்று பயன்படுத்தினால் தெரியும். பழைய வண்டியில் கதவை மெதுவாக மூடிப் பாருங்கள். கடைசி ஒரு சாண் தூரத்தில் கதவு தொங்கி இடித்துக்கொண்டு போனால் கீழ் ரோலர் தேய்ந்துவிட்டது. கீழ்த் தண்டவாளத்தில் மண் சேராமல் பார்த்துக்கொண்டால் நன்றாக உழைக்கும்.

ஏழு சீட் என்றதும் ஏழு பேரும் சாமானும் போகலாம் என்று நினைத்துவிடக் கூடாது. மூன்று வரிசையும் நிமிர்ந்திருந்தால் என் டிக்கியில் நான்கு பள்ளிக்கூடப் பைகள் நிற்கும், ஒரு பெரிய பெட்டி நிற்காது. விளம்பரத்தில் போடுகிற லிட்டர் கணக்கையும் நம்பிப் போகாதீர்கள். வி.டி.ஏ. என்று ஒரு அளவு முறை இருக்கிறது, அதில் 200×100×50 மில்லிமீட்டர் கட்டைகளை அடுக்கி எண்ணுகிறார்கள், ஒரு கட்டை ஒரு லிட்டர். செங்கல்லைவிடச் சின்னக் கட்டை, சக்கர மேட்டின் இடுக்கிலெல்லாம் போய் உட்காரும். உங்கள் பெட்டி அங்கே உட்காராது. வண்டி பார்க்கப் போகும்போது வீட்டிலிருக்கிற பெரிய பெட்டியைக் கையோடு எடுத்துப் போவதுதான் சரியான அளவு. தள்ளுவண்டியோ சக்கர நாற்காலியோ இருந்தால் அதையும்.

எடையையும் பாருங்கள். ஆளுக்கு 70 கிலோ என்றாலே ஏழு பேர் 490 கிலோ. வண்டியின் மொத்த எடை வரம்பிலிருந்து வெற்று எடையைக் கழித்தால் என்ன மிஞ்சுகிறதோ அதுதான் அது சுமக்கக் கூடியது. பல ஏழு சீட்டர்களில் அந்த ஏழு பேரைத் தாண்டிப் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் டயர் காற்று ஸ்டிக்கரில் பெரும்பாலும் இரண்டு கணக்கு இருக்கும், சாதாரண சுமைக்கு ஒன்று, முழுச் சுமைக்கு ஒன்று. முதல் இரண்டு வருடம் நான் அதைக் கவனிக்காமல் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போய்ப் பின் டயர்களின் இரண்டு ஓரங்களும் வழவழவென்று தேய்ந்துவிட்டன.

குழந்தை சீட் வைக்கிறவர்களுக்கு ஒரு விஷயம். என் வண்டியில் ஐசோஃபிக்ஸ் கொக்கி, அதாவது குழந்தை சீட்டை நேராக வண்டியோடு மாட்டுகிற கொக்கி, நடு வரிசையின் இரண்டு ஓரங்களில் மட்டும் இருக்கிறது. அங்கே குழந்தை சீட்டை மாட்டிவிட்டால் அந்த சீட்டை மடக்க முடியாது, மடக்காமல் கடைசி வரிசைக்குப் போக முடியாது. இரண்டு ஓரத்திலும் மாட்டிவிட்டால் ஏழு சீட்டர் ஐந்து சீட்டராகிவிடும். இது எந்த விவரப் பட்டியலிலும் இல்லை. கடைசி வரிசையை மடக்கினால் என் வண்டியில் அது முன்னால் ஒரு மூட்டை மாதிரி நிற்கிறது. 1994-லேயே ஹோண்டா ஒடிசி அதைத் தரைக்குள் மறைத்துக் காட்டிவிட்டது. அப்படி மறைகிற சீட் உள்ள வண்டி கிடைத்தால் விடாதீர்கள்.

பட்ஜெட் பற்றிச் சுருக்கமாக. இருக்கிற பணத்தையெல்லாம் வண்டி விலைக்கே கொடுத்துவிடாதீர்கள், எட்டில் ஒரு பங்காவது தனியே இருக்கட்டும். எனக்கு முதல் மூன்று மாதத்திலேயே டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், பிரேக் ஆயில், நான்கு டயர் என்று வந்தது. பெல்ட் மாற்றியாயிற்று என்று விற்றவர் வாயால் சொன்னதற்கு பில் இல்லை, அதனால் மாற்றினேன். அது அறுந்தால் பல இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினே போய்விடும். டயரில் பட்டன், அதாவது தரையைப் பிடிக்கிற மேடுகளை மட்டும் பார்க்காமல் பக்கச் சுவரில் டி.ஓ.டி. (DOT) என்று தொடங்கும் எழுத்துகளின் முடிவில் உள்ள நான்கு எண்களைப் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019-ஆம் வருடம் 23-ஆம் வாரத்தில் செய்தது. அப்புறம் கடைசி வரிசை சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் வெளியே இழுங்கள். அதிகம் யாரும் தொடாத இடம் அது. வண்டி வெள்ளத்தில் நின்றிருந்தால் சீட்டைக் கழுவியிருப்பார்கள், பெல்ட்டின் உள்முனையில் இருக்கிற சேற்றுக் கோட்டை மறந்திருப்பார்கள்.

ஏசியை மட்டும் நல்ல வெயிலில் போய்ப் பாருங்கள். விற்பவர் ஓட்டட்டும், நீங்கள் கடைசி வரிசையில், கண்ணாடியெல்லாம் ஏற்றிவிட்டு, இருபது நிமிடம். முழங்கால் எங்கே இடிக்கிறது என்பதும் அதே இருபது நிமிடத்தில் தெரிந்துவிடும். பிறகு டார்ச்சோடு குனிந்து, பின் சக்கரத்துப் பக்கம் பைப் தெரிகிற இடங்களில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா என்று தேடுங்கள். "காஸ் மட்டும் போட்டா சரியாயிடும்" என்று சொன்னால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். சில வண்டிகளில் பின்னால் காயிலே இருக்காது, கூரையில் உள்ள ஃபேன் முன்பக்கக் குளிரை இழுத்துப் பின்னால் தள்ளும், அவ்வளவுதான். குளிர் குறைவு, ஆனால் அடியில் நீளமான பைப்பும் இல்லை. இப்போதைய மனநிலையில் எனக்கு அதுவே மேல் என்று தோன்றுகிறது.

நண்பனுக்கு என்ன சொல்லப்போகிறேன்? வாங்காதே என்றுதான். கதவைப் பற்றி அவ்வளவு எழுதிவிட்டு இப்படிச் சொல்வது பொருந்தவில்லை என்று தெரிகிறது. இன்ஜின் இந்த ஐந்து வருடத்தில் ஒருநாள்கூட வழியில் நின்றதில்லை என்பதும் உண்மை. இருந்தாலும் நான்கு நாள் வண்டியில்லாமல் ஆறு பேரை வைத்துக்கொண்டு அல்லாடிய அலுப்பு இன்னும் உடம்பில் இருக்கிறது. அந்த அலைச்சலை அவனுக்குச் சிபாரிசு செய்ய எனக்கு மனம் வரவில்லை. பின் பைப்புகள் மாற்றியதற்கு பில்லோடு ஒரு வண்டி வந்தால் கூப்பிடட்டும், நானே கூட வந்து அடியில் படுத்துப் பார்க்கிறேன்.

போன வாரம் தங்கையும் கேட்டாள், "விக்கிறதா இருந்தா எனக்குக் குடுண்ணா" என்று. விற்கவில்லை என்று சொல்லிவிட்டேன். நாளைக் காலை எட்டரைக்கு அம்மாவை டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டும். கதவைத் திறந்து வைத்துவிட்டால் போதும், அம்மாவே ஏறி உட்கார்ந்துகொள்வார்.